வணக்கத்துக்கு ஆறு கட்டம்

'வணக்கம்' என்ற சொல்லுக்கு ஆறு கட்டம் ஆகும். இதை எனக்குக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜெயபுஷ்பம் டீச்சர். நான் தமிழ் படித்தவன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து, எத்தனை மாத்திரை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கட்டம் என்று ஒரு கணக்கு இருப்பதை 1987 பிப்ரவரியில்தான் தெரிந்துகொண்டேன். தெரியாமலேயே இருந்து தொலைத்திருக்கலாம்.

என் பெயர் சம்பந்தம். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். ஆம்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்தாறு வருஷம் தமிழாசிரியனாக இருந்தேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஏழு பத்துக்கு ஒரு பஸ். அந்த ஏழு பத்தை விட்டால் வேறு பஸ் பிடித்து, மாதனூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், நாய் கூட அங்கே துணைக்கு வராது. எனக்கு முன்கோபம் என்று பள்ளியில் பெயர். பொய்யில்லை. ஆனால் இது என் கதை இல்லை.

ஜெயபுஷ்பத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணக்கு டீச்சர். கரும்பலகையில் இடது பக்கம் ஒரு கோடு கிழிக்காமல் ஒரு எழுத்து எழுதமாட்டார். நடையில் அவசரம் இருக்காது, பேச்சில் அவசரம் இருக்காது. அம்மா செத்தபோது தம்பி மோசஸுக்கு நாலு வயது. அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்க வைத்து ஆளாக்கியது இந்த அக்காதான். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "மொதல்ல அவனுக்கு ஆகட்டும்" என்பார். அவனுக்கும் ஆகவில்லை, இவருக்கும் ஆகவில்லை.

நயீம் அகமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் மோசஸ் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வயது, கொஞ்சம் தொந்தி, எப்போதும் சிரிப்பு. எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பான், அந்தப் பக்கம் திரும்பினால் மறந்துவிடுவான். அவன் பொறுப்பில்தான் அந்தத் தொட்டி இருந்தது.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நாற்றம் புதிதில்லை. சுண்ணாம்புக் குழி நாற்றம், பச்சைத் தோல் நாற்றம், வாய்க்கால் நாற்றம் எல்லாவற்றோடும் பிறந்து வளர்ந்தவர்கள். அதெல்லாம் திறந்த வெளி. கழிவுத் தண்ணீரை அப்படியே விடக்கூடாது என்று மேலிடத்தில் நெருக்கியதால், அதற்கு முந்தின வருஷம் நயீம் அகமது புதிதாக ஒரு தொட்டி கட்டினார். பன்னிரண்டடி ஆழம், மேலே சிமெண்டு மூடி, ஆள் இறங்க ஒரு வாய், இரும்பு ஏணி. கட்டியதிலிருந்து யாரும் உள்ளே இறங்கவில்லை. சேறு நிரம்பியதும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஜெயபுஷ்பத்தின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் லில்லி என்று ஒரு நர்ஸ். வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. வேறு ஏதோ ஊரில் இதே மாதிரி மூடின தொட்டியில் இறங்கிய இரண்டு பேரைத் தூக்கிவந்தபோது இவள்தான் வார்டில் இருந்தாள். ஒருத்தர் வரும்போதே பிணம். இன்னொருத்தர் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் உயிரை விட்டார். அவர் பேசியதை லில்லி வந்து ஜெயபுஷ்பத்திடம் சொன்னாள்.

"நாத்தமே இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னாரு டீச்சர். டாக்டர் கிட்ட கேட்டேன். உள்ள இருக்கற வெஷக் காத்து கம்மியா இருக்கறப்ப முட்ட அழுகின மாதிரி நாறுமாம். ஜாஸ்தியாச்சுன்னா மூக்கே செத்துப்போவுமாம். நாத்தம் நின்னுபோனா, நின்னது நாத்தம் இல்ல, நம்ம மூக்குதான். ரெண்டு மூச்சுல ஆள் காலி."

அன்று ராத்திரியே டீச்சர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவன் "சரிக்கா" என்றான்.

இனி கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். நான் அதைக் கணிப்பொறி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், பியூன் கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசாங்கத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டு வந்தன. யார் பார்த்துக்கொள்வது என்று தலைமையாசிரியர் ஐசக் சார் கேட்டபோது எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஜெயபுஷ்பம் மட்டும் அவரைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார். மதராஸில் மூன்று வாரப் பயிற்சி. திரும்பிவந்து, பழைய ஆய்வகத்துப் பக்கத்து அறையில் அவற்றைத் துணி போட்டு மூடிவைத்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் செய்து காட்டுவார். எழுதியதைப் பாட்டு கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கீதக் கேசட் இரண்டு அதற்குப் பலியாகின.

பிப்ரவரி பதினாறாம் தேதி, திங்கட்கிழமை. நயீம் அகமது பள்ளிக்கு வந்தார். மார்ச் நாலாம் தேதி ராணிப்பேட்டையில் பாதுகாப்பு வாரக் கண்காட்சி, மூன்று நாள்.

"நம்ம ஸ்டால்ல ஒங்க கம்ப்யூட்டர வச்சா நாலு பேர் நின்னு பாப்பாங்க. ஒங்க ஸ்கூலுக்கும் பேரு, எனக்கும் பேரு" என்றார்.

ஐசக் சாருக்கு வாயெல்லாம் பல். "ஜெயா, மேலேருந்து செருப்பு செருப்பா விழணும், கீழ கூடைய வச்சிப் புடிக்கணும். அந்த மாதிரி ஒரு வெளையாட்டு பண்ணிடும்மா."

"செருப்பு வேணாம் சார். தொட்டி பண்றேன்" என்றார் ஜெயபுஷ்பம்.

"இன்னா தொட்டி?"

"மூடின தொட்டி. எப்ப எறங்கணும், எப்ப ஏறி ஓடிடணும்னு. டேனரியில வேலை செய்யறவங்க ஆடிப் பாக்கட்டும். சொன்னா காதுல ஏறாது. ஆடினா கையில ஏறும்."

கடைசியில் சொன்ன அந்த வாக்கியத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவர் தம்பியை மனதில் வைத்துச் சொன்னார். நயீம் அகமது நல்ல மனுஷர். தாடியைத் தடவிக்கொண்டே, "நல்ல விஷயம்தான் டீச்சர். கண்காட்சி முடிஞ்சதும் அந்த திங்கக்கெழமயே தொட்டி சுத்தம் பண்ண வச்சிருக்கேன். அதுக்கு முன்னால எல்லாரும் ஆடிடட்டும்" என்றார்.

ஆக, தேதி அன்றே குறித்தாகிவிட்டது. மார்ச் ஒன்பது.

பதினாறு நாள் இருக்கிறதே என்று தோன்றும். நடுவில் ஒரு வாரம் பரீட்சை, விடைத்தாள். மீதி நாட்களில் மின்வெட்டு. எண்ணிப் பார்த்தால் ஒன்பது சாயங்காலம் தேறியது. அந்த ஒன்பதிலும் நானும் கூட உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். திரையில் இங்கிலீஷ் எழுத்து ஓடுவதைப் பார்த்து, "தமிழ்நாட்டுத் தொட்டிக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்று எகிறினேன். "அப்ப எழுதிக் குடுங்க ஐயா" என்றார் டீச்சர், அமைதியாக.

அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் வரைபடத் தாளில் எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வரைந்து, அதை எண்ணாக்கி உள்ளே போட வேண்டும். அப்படி நாமாக வரைந்து போடுவதற்கு முப்பத்திரண்டு இடம்தான் உண்டு. அதற்குமேல் கேட்டால் அதனிடம் வழியில்லை என்றார் டீச்சர். படங்களுக்கே பத்தொன்பது போய்விட்டது. நிற்கிற ஆள், இறங்குகிற ஆள், விழுந்து கிடக்கிற ஆள், ஏணி, மூடி, வாளி, சேறு. மீதி பதின்மூன்று.

எனக்கு அதில் முதலில் வேண்டியது வணக்கம். வந்தவரை வணக்கம் சொல்லி வரவேற்காமல் எடுத்த எடுப்பில் தொட்டிக்குள் தள்ளுவதா? வ ஒன்று, ண அகலம் என்பதால் இரண்டு, க், க, ம். மொத்தம் ஆறு கட்டம். நானே வரைந்தேன். ணகரத்தின் சுழி சரியாக வருவதற்கு ஒரு முழு சாயங்காலம் பிடித்தது. ஒன்பதில் ஒன்று. திரையில் அது பச்சையாக வந்து நின்றபோது நான் குழந்தை மாதிரி கைதட்டினேன். டீச்சரும் சிரித்தார்.

ஆட்டம் இதுதான். ஒரு குட்டி மனிதன் ஏணியில் இறங்கி வாளியில் சேறு அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். நாற்றத்தை இயந்திரத்தில் காட்ட முடியாதே, அதனால் டீச்சர் அதை ஒலியாக்கினார். டூ, டூ, டூ என்று அடிக்கும். நாற்றம் கூடினால் வேகம் கூடும். கூடிக்கொண்டே போய், சட்டென்று நின்றுவிடும். நின்றதும் நாலு எண்ணுவதற்குள் ஆள் ஏணியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விழுந்துவிடுவான், எழுந்திருக்கமாட்டான். லில்லி சொன்னதை அப்படியே கணக்காக்கியிருந்தார்.

முதல் தடவை அந்தச் சத்தம் நின்றபோது அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். "நல்லாயில்ல டீச்சர்" என்றேன். "நல்லாயிருக்கக் கூடாது ஐயா" என்றார்.

மார்ச் இரண்டு, திங்கட்கிழமை சாயங்காலம் ஒத்திகை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ராணிப்பேட்டைக்கு வேன். ஐசக் சாரும் நயீம் அகமதுவும் நாலைந்து ஆசிரியர்களும் வந்து நின்றார்கள். ஐசக் சார் முதலில் உட்கார்ந்தார். டூ டூ வேகமாயிற்று, நின்றது. "அப்பாடா" என்று நிம்மதியாகச் சேறு அள்ளப் போனார். ஆள் விழுந்தான்.

"இன்னா ஜெயா, மெஷின் ரிப்பேரா?"

அடுத்து நயீம் அகமது. அவரும் விழுந்தார். அடுத்து டிராயிங் மாஸ்டர். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: சத்தம் நின்றதும் ஆள் சாகிறான், எங்கேயோ கோளாறு.

"கோளாறு இல்ல சார், நெசமாவே அப்படித்தான்" என்றார் டீச்சர். "அது புரியத்தான் கீழ ஒரு வரி வரணும். ஐயா எழுதிக் குடுத்திருக்காரு. நாற்றம் நின்றால் ஓடு."

அந்த வரி பாதியில் நின்றிருந்தது. 'நாற்றம் நின்றால்' வரைக்கும் வரைந்தாகிவிட்டது. மகர ஒற்று வணக்கத்தில் இருந்தே கிடைத்தது, மிச்சத்துக்கு ஏழு கட்டம். பத்தொன்பதும் ஆறும் ஏழும் முப்பத்திரண்டு. 'ஓடு' என்ற சொல்லுக்கு இரண்டு கட்டம் வேண்டும். இடம் இல்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, வணக்கத்த எடுத்துடலாமா?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐம்பது. பஸ் நிலையத்துக்குப் பதினைந்து நிமிஷ நடை.

"எடுக்கிறதா? ஒரு சாயங்காலம் பூரா ஒக்காந்து வரைஞ்சிருக்கேன். வாசல்ல வணக்கம் சொல்லாத தமிழ் எனக்கு வேணாம். வேற எதையாவது எடுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். அந்த வார்த்தைகளை நான் மாற்றிச் சொல்லவில்லை. அப்படியேதான் சொன்னேன், பாவி.

நயீம் அகமது சமாதானமாகச் சொன்னார்: "டீச்சர், பேஜார் பண்ணிக்காதீங்க. ஜனங்களுக்குப் புரியற மாதிரி வச்சிடுங்க. சத்தம் ஜாஸ்தின்னா ஆபத்து, வெளிய நிக்கணும். சத்தம் நின்னா எறங்கலாம். அவ்ளோதானே?"

"ரைட்டு. இதுதான் சரி" என்றார் ஐசக் சார்.

டீச்சர் கையில் சாக்பீஸ் இருந்தது. அதை விரல்களுக்குள் உருட்டினார். அதுவரை யாரும் அவரை அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை. அன்று நாங்கள் ஆறேழு பேர் சுற்றி நின்று அவசரப்படுத்தினோம்.

"சரிங்க சார். இப்போதைக்கு மாத்திடறேன். கண்காட்சி முடிஞ்சதும் பழையபடி வச்சிடறேன்" என்றார்.

நான் ஓடினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. காற்று நன்றாக வந்தது.

மார்ச் நாலு சாம்பல் புதன், கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் நாள். ஜெயபுஷ்பம் விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை, ராணிப்பேட்டையில் ஸ்டாலில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். நயீம் அகமது, ஸ்டாலைப் பார்த்துக்கொள்ள மோசஸை அனுப்பியிருந்தார். அவன் அப்போதுதான் ஆட்டத்தை முதல் தடவை பார்க்கிறான்.

"ஏன்க்கா, இந்த ஆளுக்கு என்ன மாதிரியே தொந்தி வச்சிருக்க?"

"எட்டு புள்ளியில தொந்தி வேற தெரியுதா ஒனக்கு" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

மூன்று நாளும் அவன்தான் அங்கே ராஜா. கூட்டம் அம்மியது. சேறு அள்ளுவதில் அவனை யாரும் ஜெயிக்க முடியவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று தமிழிலும் உருதுவிலும் கூவுவான். "வாங்க பாய், வாங்கண்ணே! டூ டூ ஜாஸ்தின்னா நில்லு! டூ டூ நின்னா எறங்கு!" ஜனங்கள் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசி நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். டேனரி ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் ஒரே குரலில் "நின்னா எறங்கு!" என்று கத்தியதைக் கேட்டேன். டீச்சர் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, தப்பு பண்ணிட்டோம்" என்றார்.

"வெளையாட்டுதானே டீச்சர்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் பின் சீட்டில் இருந்தேன். அவர் மோசஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டேய், இங்க பார்றா. அது ஆட்டம். நெசத்துல தலகீழ். நாத்தம் நின்னா ஓடிடணும். கேக்குதா?"

"தெரியும்க்கா. எத்தினி வாட்டிதான் சொல்லுவ?"

"திருப்பிச் சொல்லு."

"நின்னா ஓடிடணும். போதுமா?" கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். வாலாஜா தாண்டுவதற்குள் அக்கா தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அந்தத் தூக்கத்தில் அவன் கட்டைவிரல் துடித்துக்கொண்டிருந்தது, விசையை அழுத்துகிற மாதிரி. மூன்று நாளில் ஆயிரம் தடவை அழுத்தியிருப்பான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனி, ஞாயிறில் மாற்றிவிடுவதாக டீச்சர் சொன்னார். சனிக்கிழமை ராணிப்பேட்டையிலிருந்து வேன் வரவில்லை, இயந்திரமும் கேசட்டும் அங்கேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது, ஆனால் அன்று முழுக்க மின்சாரம் இல்லை. திங்கட்கிழமை காலையில் நானும் டீச்சரும் அடுத்தடுத்த வகுப்பில் இருந்தோம். மூன்றாவது பீரியட். அவர் குரல் சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். திடீரென்று அது நின்றுவிட்டது. ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றது. நான் வெளியே வந்து பார்த்தேன். டேனரி வாட்ச்மேன் அவர் வகுப்பு வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நயீம் அகமதுவின் காரிலேயே போனோம். வாசலில் லில்லி நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தாழ்வாரத்தில் மேஸ்திரி ஆபித் பாஷா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மனுஷர், சட்டை முழுக்கச் சேறு. டேனரியில் எல்லோரையும் விட மூத்த ஆள். ஜெயபுஷ்பம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா நடந்துச்சு பாய்?"

"மூடிய தொறந்ததும் நாத்தம் தாங்கல டீச்சரம்மா. எல்லாரும் தள்ளி நின்னோம். தம்பிதான் வாய்கிட்டயே குந்திகினு எட்டி எட்டிப் பாத்துகினு இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சி, இப்ப நாத்தம் இல்லன்னாரு. எனக்கு இங்க வரிக்கும் நாறுதேன்னேன். கேக்கல. ஆளுங்கள எறக்க வேணாம், மொதல்ல நான் பாக்கறேன்னுட்டு ஏணியில கால வச்சாரு. நாலு படிதான். அப்டியே…" அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "பின்னாலயே ரெண்டு பேரு குதிக்கப் பாத்தானுங்க. நான்தான் அமுக்கிப் புடிச்சேன்."

"எறங்கறதுக்கு முன்னால இன்னா சொன்னான்? சரியாச் சொல்லுங்க."

ஆபித் பாஷா என்னைப் பார்த்தார், நயீம் அகமதுவைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

"'டூ டூ நின்னுடுச்சு பாய்'னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு."

ஜெயபுஷ்பம் கத்தவில்லை, அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், மாணவன் சரியான விடை சொன்னபோது ஆட்டுவாரே, அப்படி. நயீம் அகமது சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன். கோழை.

அதன்பிறகு ஜெயபுஷ்பம் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் அறைப் பக்கமே போகமாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். போனார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். எந்தப் புரோகிராமும் தொடங்குமுன் பலகையின் இடது ஓரத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்பு சாக்பீஸில் ஒரு கேள்வி எழுதுவார்: 'இதில் எதை எடுக்கக் கூடாது?' அதற்குப் பதில் எழுதிய பிறகுதான் விசைப்பலகையைத் தொட விடுவார். நேரமாகிறது, மிஸ், பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டால், அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கல் நெஞ்சுக்காரி என்று பெற்றோர் பேசிக்கொண்டார்கள். நயீம் அகமது தொட்டி மூடியை உடைத்துப்போட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்க இயந்திரம் வைத்து, அதன் பிறகும் ஆளை இறக்காமல் பம்பு வைத்து உறிஞ்சினார். அவரும் நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அந்த ஒரு சாயங்காலத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அடக்கம் முடிந்து ஆறாம் நாள். பள்ளி விட்டபின் கம்ப்யூட்டர் அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். டீச்சர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரைபடத் தாள்.

"உள்ள வாங்க ஐயா. ஓ, டு ரெண்டும் வரைஞ்சு குடுங்க."

நான் வாசலிலேயே நின்றேன். "வணக்கத்த எடுத்துடுங்க டீச்சர்" என்றேன். "அன்னிக்கே எடுத்திருக்கணும். நான்தான். என் வறட்டு கௌரவம்தான் அவனக் கொன்னுச்சு."

"எடுக்க வேணாம்."

எனக்குப் புரியவில்லை.

"வணக்கம் மொதல்ல வருது. வந்தவர் விசைய அழுத்தினதும் போயிடுது. அப்புறம் ஆட்டம் முடியிற வரைக்கும் அந்த ஆறு கட்டத்துல மகர ஒத்து தவிர மத்த அஞ்சும் சும்மாதான் கெடக்குது. அதுலயே ஓ, டு ரெண்டயும் போட்டுக்கலாம். ஒரே எடத்துல மொதல்ல அது, அப்புறம் இது." அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "எதையுமே எடுக்க வேண்டியிருக்கல ஐயா. நீங்களும் விட்டுக்குடுக்க வேண்டியிருக்கல. அன்னிக்கு ஒரு கால் மணி நேரம் தனியா ஒக்காந்திருந்தா எனக்குத் தோணியிருக்கும். ஒக்காரல."

நான் வரைந்தேன். ஓகாரத்தின் சுழி கோணலாக வந்தது. அவர் அதை எண்ணாக்கி உள்ளே போட்டார், டூ டூ கணக்கைப் பழையபடி திருப்பினார். கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் பதினோரு நிமிஷம்.

வணக்கம் பச்சையாக வந்தது. போனது. தொட்டி வந்தது. அதன் கீழே, நாற்றம் நின்றால் ஓடு. தொந்திக்காரக் குட்டி மனிதன் ஏணியில் இறங்கினான். டூ, டூ என்று அடித்தது, வேகமாயிற்று, நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றில் டீச்சரின் விரல் விசையை அழுத்தியது. அவன் ஏணியைப் பிடித்தான், படி படியாக மேலே வந்தான், மூடியைத் தாண்டி வெளியே நின்றான்.

"ஏறிட்டான் ஐயா" என்றார் ஜெயபுஷ்பம். அப்போதுதான் அழுதார். தம்பி செத்ததிலிருந்து அதுவரை அழாத அழுகை. அந்தக் குட்டி மனிதனைத் திரைக் கண்ணாடியோடு சேர்த்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே அழுதார்.

அன்று ஏழு பத்து பஸ் போய்விட்டது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.